பயமா கீதுண்ணா, ஏத்தாத

1

என் கைபேசியில் இடம் தீர்ந்துவிட்டது. போன வாரம் என் மகள் கயல் சோபாவில் சாய்ந்துகொண்டு அதிலிருந்த பழைய படங்களையும் குரல் செய்திகளையும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவள்; எதையும் அழிப்பதில் அவளுக்குத் தயக்கமே கிடையாது. "மாமா காய், பையின்னு என்னமோ பேசுறார்மா. போன வருஷத்து மெசேஜ். டெலிட் பண்ணிடவா?" என்றாள். "தொடாதே!" என்று நான் போட்ட கூச்சலில் போன் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அந்தச் செய்தி உத்திரமேரூர்ப் பக்கத்தில் இருக்கும் என் அண்ணன் முருகன் அனுப்பியது. அரை நிமிஷம்கூட இருக்காது. அதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டதே, அது ஒரு வருஷம் ஆகியும் இன்னும் அடங்கவில்லை. நடந்தது என்னவென்று அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. தான் நல்ல காரியம் செய்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான். போன் போடும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பெருமை வேறு அடித்துக்கொள்வான்.

அவனிடம் சொல்லிவிடப் பலமுறை வாயெடுத்திருக்கிறேன். முடியவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் அதை வாயால் சொல்லவே முடியாது. எழுதித்தான் காட்ட வேண்டும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாட்டிலும் அதைத் தப்பாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். நான் டர்பைன் இஞ்சினியர். டென்மார்க்கில் டர்பைன் என்றால் காற்றாலைதான். "ஓ, காற்றாலையா!" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். எங்கள் ஊரிலோ, "எந் தங்கச்சி பிளேனுக்குப் பேன் ரிப்பேர் பண்ணுது" என்று அண்ணன் கிளப்பிவிட்டிருக்கிறான். யோசித்துப் பார்த்தால் அண்ணன் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது.

விமான எஞ்சினுக்குள் ஒரே அச்சில் வரிசை வரிசையாகச் சக்கரங்கள் சுற்றும். ஒவ்வொரு சக்கரத்தின் ஓரத்திலும் பிளேடுகள் நிற்கும். மின்விசிறியின் றெக்கையைப் போலத்தான், ஆனால் எண்ணிக்கையில் ஏராளம், சுற்றும் வேகமோ பயங்கரம். சுற்றும்போது அவை அதிரும். எந்த வேகத்தில் எது எவ்வளவு அதிரும், எத்தனை காலம் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. பிளேடு போடுவது என்றால் நம்மூரில் வேறு அர்த்தம். அதையும் செய்கிறேன் என்று கயல் சொல்லுவாள்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பஸ் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வந்ததும் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். டிரைவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சத்தம் நின்றுவிடும். குறைத்தாலும் நின்றுவிடும். அந்த ஒரு வேகம்தான் அந்தக் கண்ணாடிக்கு ஆகாது. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். எல்லாக் கண்ணாடியும் ஒரே கம்பெனி, ஒரே அளவுதான். ஆனாலும் ஏதோ ஒன்று மட்டும் பஸ்ஸின் மொத்த ஆட்டத்தையும் தானே வாங்கிக்கொண்டு உடைகிற மாதிரி ஆடும். பிளேடுகளும் அப்படித்தான். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருந்தால் போதும், சக்கரத்தின் அதிர்வெல்லாம் எங்கேயோ ஒரு பிளேடில் போய்க் குவிந்துவிடும். அந்தப் பிளேடு எது என்று தேடுவதுதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி.

கயல் சின்னவளாக இருந்தபோது ஊருக்குப் போன் பேசுகையில், "அம்மாவுக்கு ஆபீஸ்ல அதிர்ச்சி வேலை தாத்தா" என்றாள். அதிர்வு என்று சொல்ல வந்தவள். நான் திருத்தியபோது ஒத்துக்கொள்ளவில்லை. டேனிஷில் ஆட்டம் காண்பதற்கும் அதிர்ந்துபோவதற்கும் ஒரே சொல்தான், நீதான் தேவையில்லாமல் இரண்டு வைத்திருக்கிறாய் என்று வாதாடினாள். போன வருஷத்துக்குப் பிறகு நானும் அவள் கட்சிதான்.

3

என் அப்பா பெயர் ஏழுமலை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பிறர் நிலத்தில் உழைத்துவிட்டு, உடம்பு தளர்ந்த பிறகு கல் உடைக்கும் கிரஷர் ஒன்றில் வாட்ச்மேனாக இருந்தார். அம்மா போனதிலிருந்து அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஒரு தடவையாவது இங்கே வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போ என்று அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்கப்புறம் விசா.

எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் ழ வராது. மழை மய ஆகிவிடும், கோழி கோயி ஆகிவிடும்; இருக்கிறது என்பதும் கீதுதான். நைனா தன் பெயரையே ஏயுமல என்றுதான் சொல்லுவார். எழுதிக்கொண்டவர்கள் அவரவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், ரேஷன் அட்டையில் வேறு, பாஸ்போர்ட்டில் வேறு. என் சான்றிதழ்களில் என் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியலோ இவை எதனோடும் சேரவில்லை. டென்மார்க் அலுவலகத்திலிருந்து ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்: இந்த மூவரில் உங்கள் தந்தை யார்? மூன்று பேரும் ஒருவரே என்று நான் கையெழுத்துப் போட்டு, அண்ணன் கிராம நிர்வாக அலுவலரிடம் நடையாய் நடந்து, கடைசியில் ஏழுமலைகள் மூவரும் ஒருவர் ஆனார்கள்.

சென்னையில் இஞ்சினியரிங் படிக்கப் போனபோது என்னுடைய ழவுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "பயம் ஜூஸ்" கேட்டேன் என்று ஹாஸ்டலே சிரித்தது. கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடித்து மடித்துப் பழகினேன். அப்படிக் கற்றுக்கொண்ட நாக்கோடு இந்த நாட்டுக்கு வந்தால், இவர்கள் d என்று எழுதிவிட்டுக் கிட்டத்தட்ட ழ என்று உச்சரிக்கிறார்கள்! சாப்பாட்டுக்கு இவர்கள் சொல்லும் வார்த்தை ஏறக்குறைய 'மழ்' என்றுதான் காதில் விழும். வந்த புதிதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கயலுக்கு அது பிறவியிலேயே வருகிறது. நான் சொன்னால் இன்றைக்கும் கடைக்காரர் இன்னொரு தடவை கேட்கிறார்.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். காய்கறி, தர்ப்பூசணி, மாம்பழம் என்று பருவத்துக்குத் தக்கபடி காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் லோடு அடிப்பான். மாங்காய்க் காலத்தில் ஏற்றிவிடும் ஆட்களிடம் அவன் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: "காயா கீதா, ஏத்து. பயமா கீதுன்னா ஏத்தாத." பழுத்தது ஒன்று கூடைக்குள் இருந்தாலும் நசுங்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

நைனா புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் அவர்களோடு எனக்குப் பெரிய வழக்கு நடந்தது. வீட்டு மரத்து மாம்பழம் ஒரு பையாவது கொண்டுவருவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். இந்த நாட்டில் வெளியூர்ப் பழத்தை உள்ளே விடமாட்டார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "பேத்திக்கு ஒரு பயம்கூட எடுத்துக்கினு வராம வெறும் கைய வீசிக்கினா வருவாங்க?" என்று வருத்தப்பட்டார். முடிவு எதுவும் எடுக்காமல் போனை வைத்தோம்.

4

நைனா விமானம் ஏற வேண்டிய அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். சென்னையில் ஏறி, வளைகுடாவில் இறங்கி, வேறு விமானம் மாறி இங்கே வர வேண்டும். தனியாக வரும் கிழவரை நினைத்துத்தான் காலையிலிருந்து எனக்குக் கவலை. மதியத்துக்கு மேல் அது வேறொன்றாக மாறியது.

எங்கள் சிறிய நிறுவனத்துக்கு அப்போது ஒரு அவசர வேலை வந்திருந்தது. எங்கோ ஓர் எஞ்சினில் ஒரு பிளேடில் விரிசல் கண்டுபிடித்திருந்தார்கள். ஏன் விழுந்தது என்று நாங்கள் சொல்ல வேண்டும். மணலும் பொடிக்கல்லும் மோதி பிளேடு ஓரத்தில் பல்லுப் பல்லாக வெட்டு விழும். பட்டறையில் அந்த வெட்டை அரம் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கித் திரும்ப மாட்டிவிடுவார்கள். விதிப்படி இவ்வளவு தேய்க்கலாம் என்று ஓர் அளவு உண்டு; அந்த அளவுக்குள்தான் தேய்த்திருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பிளேடிலும் குற்றமில்லை. ஆனால் தேய்த்தவை சில பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால், அதிர்வு முழுவதையும் ஒரே ஒரு பிளேடு வாங்கிக்கொள்கிறது. என் கணக்கு முடிந்து திரையில் கோடுகள் வந்து நின்றபோது, அந்தக் கெட்ட வேகம் எது என்று தெரிந்தது. விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் எந்த வேகத்தில் வெகுநேரம் நிற்குமோ அதேதான்.

மணல் அதிகம் அடிபடும் விமானங்கள் எவை? வளைகுடாவுக்குப் போய்வருபவை. நைனா ஏறப்போகும் விமானத்தில் இருப்பது எந்த எஞ்சின்? பயணச்சீட்டு எடுத்த அன்றே ஆசையாகப் பார்த்துவைத்திருந்தேன். அதே ரகம்; வளைகுடாவில் மாறி ஏறுவதில் மட்டும் வேறு.

என் மேலதிகாரி ஹெல்லே என்ற டேனிஷ்காரி. அலட்டிக்கொள்ளவே மாட்டாள். ஓடிப்போய்க் கேட்டேன். இப்படித் தேய்த்த பிளேடுகள் எந்தெந்த விமானத்தில் இருக்கின்றன?

"நமக்கு எஞ்சின் எண்கள்தான் தருவார்கள். விமானத்தின் பெயர் தரமாட்டார்கள். உனக்கே தெரியும்" என்றாள். "சம்பந்தப்பட்டவர்களுக்கு உன் முடிவை இப்போதே அனுப்புகிறேன். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

"என் அப்பா இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒன்றில் ஏறப்போகிறார்."

ஹெல்லே என்னை உட்காரவைத்தாள். உலகத்தில் எத்தனை விமானங்கள், அதில் இந்தக் கோளாறு இருக்கக்கூடியவை எத்தனை கொஞ்சம், அப்படியே இருந்தாலும் இன்னொரு எஞ்சின் இருக்கிறது என்று நிதானமாக விளக்கினாள். எல்லாம் சரிதான். நானே அதைவிட நன்றாக விளக்குவேன், அடுத்தவர் அப்பாவாக இருந்தால். "எந்த விமானம்?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அதோடு, நாம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது என்று நினைவுபடுத்தினாள்.

மாடிப்படிக்கு வந்து அண்ணனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. நைனாவை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போவது அவன்தான்; வண்டி ஓட்டும்போது எடுக்கவே மாட்டான். நைனாவின் போனோ அணைந்து கிடந்தது. பிளேனுக்குள் போனை அணைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனிதர் வீட்டிலேயே அணைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அண்ணனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். எஞ்சின் என்று சொல்லக் கூடாது, பிளேடு என்று சொல்லக் கூடாது. கல்லூரியிலிருந்து நான் சேர்த்துவைத்திருந்த நாகரிகத் தமிழெல்லாம் அந்தப் படிக்கட்டில் எங்கே போனதோ தெரியவில்லை. நான் பேசியது இது:

"அண்ணா, நான் சும்தி. பயமா கீதுண்ணா, ஏத்தாத. சொன்னா கேளு. பயமா கீதுண்ணா, ஏத்தாத. இன்னா ஏதுன்னு அப்பால சொல்றேன்."

5

அதற்குப் பிறகும் எத்தனை தடவை அடித்தும் எடுக்காதவனிடமிருந்து, வேலை முடிந்து சைக்கிளை எடுக்கப் போகும்போது பதில் வந்தது. கயல் அழிக்கப் பார்த்த செய்தி அதுதான்.

"சும்தி, ஒனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ டென்சனு? நீ சொன்னது கரெக்டா வந்து சேந்துச்சி. பயமா கீறத எல்லாம் நானே ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்து எறக்கிட்டேன். ஒண்ணுகூட ஏத்தல. காய் மட்டுந்தான் பையில கீது. எறக்குன பயத்த இங்க டிராலி தள்றவங்க துன்னு தீத்துட்டாங்க. நைனா அப்பவே உள்ள பூட்டாரு. சிரிச்சிக்கினே போனாரு. நீ ஒண்ணும் பேஜாராவாத."

முதலில் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பயத்தையெல்லாம் இறக்கிவிட்டேன் என்கிறானே, நைனாவுக்குத் தைரியம் சொன்னேன் என்கிறானா? காய் எங்கே வந்தது? இரண்டாம் தடவை கேட்டேன். பிறகு நான் அனுப்பியதைப் போட்டுக் கேட்டேன். பயமா கீதுண்ணா, ஏத்தாத. அண்ணா என்று நான் கெஞ்சியது அவன் காதில் 'பழமாக இருக்கிறது என்றால்' என்று விழுந்திருக்கிறது. வருஷக்கணக்காக லோடு ஏற்றுபவன். அவன் தினமும் பிறருக்குச் சொல்லும் வார்த்தையையே நான் அவனுக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். நைனா என்ற ஒரு சொல்லை அதில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவைத் தவிர வேறு எதை ஏற்றுவார்கள்?

சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திரும்ப அடித்தபோது அண்ணன் எடுத்தான்.

"அண்ணா, உள்ள போனவர வெளிய கூப்ட முடியுமா?"

"எதுக்கு? பாஸ்போட்டு கீஸ்போட்டு வுட்டுட்டாரா? எல்லாத்தயும் நாந்தானே எடுத்துக் குட்த்தேன்!" என்று பதறினான்.

விமானங்கள் போகும் இடத்தைக் காட்டும் செயலியை இன்னொரு கையால் திறந்தேன். மீனம்பாக்கத்தில் அந்தச் சின்ன மஞ்சள் விமானம் ஓடுபாதைக்கு நகர ஆரம்பித்திருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த நிமிஷத்திலிருந்து அண்ணனும் என்னைப் போல நடுங்குவான், அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்லண்ணா. சும்மா கேட்டேன். நீ பாத்து வூட்டுக்குப் போ" என்றேன்.

"போறேன், போறேன். நாஷ்டாவே துன்னல காலீலருந்து" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

மஞ்சள் விமானம் மேலே ஏறியது. ஏறும் வேகம். திரையில் நான் மதியம் பார்த்த கோடுகள் எங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டனவோ, அந்த வேகம். வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. கயல் என் முகத்தைப் பார்த்து டேனிஷில் என்னவோ கேட்டாள். 'ஆடிப்போயிருக்கிறாயா?' என்று அர்த்தம். ஆமாம் என்று அவள் பாஷையிலேயே சொன்னேன். விமானம் வளைகுடாவில் இறங்கியது என்று தெரியும்வரை நான் இருந்த இருப்பைப் பற்றி எழுதப்போவதில்லை.

6

கோபன்ஹேகன் விமான நிலையத்தில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், நைனாவைக் காணவில்லை. வெகுநேரம் கழித்துச் சுங்க இலாகா சீருடையில் ஒரு பெண் வந்தாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் நைனாவின் முழங்கை.

"உங்கள் அப்பாவா? இவர் திரும்பத் திரும்ப 'நோ பயம், நோ பயம்' என்கிறார். அப்படியென்றால் என்ன?"

"பழம் எதுவும் இல்லை என்கிறார்" என்றேன்.

அவள் பையிலிருந்து ஒரு மாங்காயை எடுத்துக் காட்டினாள். "அப்படியானால் இது?"

நைனா என்னைப் பார்த்து நியாயம் கேட்டார். "தே, நீயே சொல்லும்மா. அது காய். முருகன் அம்மாந்தடவ சொல்லி அனுப்ச்சான், நோ பயம், ஒன்லி காய்னு. இந்தம்மாவுக்குக் காய்க்கும் பயத்துக்கும் வித்யாசம் தெர்ல."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்து, அந்தப் பெண்ணின் எதிரில் நைனாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். மாங்காய்க்காக இவ்வளவு அழுவார்களா என்று அவள் சங்கடப்பட்டு மன்னிப்புக் கேட்டாள். ஆனாலும் மாங்காயைத் தரவில்லை.

காரில் வரும்போது நைனா வாய் ஓயவில்லை. "மெட்ராஸ்ல ஏறுன பிளேன்ல எஞ்சினாண்டயே சீட்டு. ஜன்னலாண்ட. ஒம் பேனு கும்முனு சத்தம் போட்டுக்கினே வந்துச்சி. பக்கத்துல ஒரு பையன் பயந்துக்கினு சாமி கும்புட்டுக்கினு வந்தான். நாஞ் சொன்னேன், அடே, எம் பொண்ணு பாக்குற பேனுடா, நீ தூங்குன்னு. அந்தச் சத்தத்துலயே நானும் தூங்கிட்டேன்."

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

7

நைனா இருந்த அந்த இரண்டு மாதமும் வீடு கலகலவென்று இருந்தது. அவருக்கும் கயலுக்கும் பொதுவாக இருந்த தமிழ் ஒரு கைப்பிடிதான். அதை வைத்துக்கொண்டே இருவரும் ஓயாமல் பேசினார்கள். தினம் சாயங்காலம் ஆப்பிளோ பிளம்ஸோ நறுக்கித் தட்டில் வைத்து, "வா, பயம் துன்னலாம்" என்று கூப்பிடுவார். என் கணவர் திருநெல்வேலிக்காரர்; ழகரம் பிசகாதவர். ஒருநாள் கயல் அவரிடம் போய், "அப்பா, எனக்குப் பயம் வேணும்" என்றாள். "எதுக்கும்மா பயம் வேணும்?" என்று மனிதர் மிரண்டு போனார். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் இத்தனை வருஷமாக ஏறாத தமிழ் அவளுக்குள் இப்படி ஏறியது. ழ மட்டும் ஏறவில்லை.

நைனா ஊர் திரும்ப ஒரு வாரம் இருந்தபோது, ஹெல்லே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. மேசை மேல் பஞ்சு வைத்த ஒரு சிறிய பெட்டி இருந்தது. உள்ளே ஒரு பிளேடு.

"இது உன் மேசைக்குத்தான் வரப்போகிறது. அதனால் நானே சொல்வது நல்லது" என்றாள். "அன்று நீ போன பிறகு நான் அவர்களுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் பரிசோதிக்கத்தான் போகிறீர்கள், இந்த விமானம் இறங்கியதும் இதிலிருந்து ஆரம்பியுங்கள் என்று உன் அப்பாவின் விமானத்தைச் சொன்னேன். உன் மனசு சமாதானத்துக்காகத்தான். அதில் ஒன்றும் இருக்காது என்று நிச்சயமாக நினைத்தேன்."

பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"இருந்தது" என்றாள்.

பெட்டியைச் சோதனை அறைக்கு எடுத்துப் போனேன். வெறும் கண்ணுக்கு அந்தப் பிளேடில் ஒன்றுமே தெரியவில்லை. சாயம் தடவித் துடைத்து ஊதா விளக்கில் காட்டியபோது, அரம் போட்ட ஓரத்திலிருந்து பச்சையாக ஒரு கோடு உள்ளே போயிருந்தது. கயலின் சுண்டுவிரல் நகத்தை வெட்டிப் போட்டால் எவ்வளவு இருக்கும், அவ்வளவு. கணக்கில் நான் கண்டுபிடித்த பிளேடு இதுதான். மொத்தச் சக்கரத்தின் ஆட்டத்தையும் தன்மேல் வாங்கிக்கொண்டு, அதே நேரத்தில் நைனாவுக்குத் தாலாட்டும் பாடிக்கொண்டு வந்திருக்கிறது. அன்று ஒடிந்திருந்தால், பின்னால் இருக்கும் வரிசைகளையெல்லாம் அரைத்துத் தள்ளியிருக்கும். ஒடியவில்லை. ஏன் ஒடியவில்லை என்பதற்கு என் கணக்கில் விடை கிடையாது. என் கணக்குப்படி அது ஒடிந்திருக்கலாம்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தேன். நைனா சமையலறையில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். கயல் பள்ளியிலிருந்து வரும் நேரம்.

"இன்னாடி, இந்நேரத்துல வந்துகீற? மூஞ்சே சரியில்ல?"

"நைனா, நீ வந்த பிளேனு..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கின்னா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அடுத்த வாரம் இதே மனிதரை அதே மாதிரி இன்னொன்றில் ஏற்றி உட்காரவைக்க வேண்டும். அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள், மற்றவற்றையும் பார்த்துவிட்டார்கள், இனிமேல் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஒன்றும் தெரியாத அவர், என் பொண்ணு பார்க்கும் பேன் என்று அதன் பக்கத்தில் தூங்கிக்கொண்டு போவார். அந்தத் தூக்கத்தை நான் கெடுத்து அனுப்ப வேண்டுமா?

"நல்ல பிளேனும்மா அது. ஒங் கை பட்டதாச்சே" என்றார் நைனா. நின்றபடியே அழுதேன்.

தட்டை என் பக்கம் நகர்த்தினார். எதிரில் இருந்த நாற்காலியைக் காலால் இழுத்துப்போட்டார்.

"குந்து மொதல்ல. பயத்தத் துன்னு. அப்பால பேசலாம்."

உட்கார்ந்தேன். தட்டில் இருந்ததை ஒன்றுவிடாமல் தின்றேன்.